சர்க்கரை வியாதியும் இரத்தத்தின் வெள்ளணுக்களும்

(காஞ்சீபுரத்தில் நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டம் கலைந்தபின் திண்ணையில் அமர்ந்து அளவளாவிக்கொண்டிருந்த வேளையில், நம் மரபினருள் வயதால் மூத்தவரும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கோர்வைத் தறியில் அமர்ந்தவருமான ஒரு பெரியவர் எம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். "தம்பீ, சர்க்கரை வியாதி வந்தால் நீர் அதிகம் இறங்குகிறது, தாகம் எடுக்கிறது, தேகம் இளைக்கிறது. அவ்வளவும் எனக்குப் புரிகிறது. ஆனால் காலில் ஒரு முள் தைத்தால் அது ஏன் ஆறமாட்டேன் என்கிறது? சர்க்கரைக்கும் புண்ணுக்கும் என்ன உறவு?" என்பதே அக்கேள்வி. யாம் அப்பொழுது ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்தோம். வீடு திரும்பியபின் அவ்விடை எமக்கே திருப்தியளிக்கவில்லை. ஆதலின், இம்மாதம் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபோது, அப்பெரியவருக்குக் கொடுக்க வேண்டிய கடனை இம்மேடையிலேயே தீர்த்துவிடலாம் என்று துணிந்தோம்.

அவர் அக்கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தங்கை கணவர் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி போட்டு நெய்துவந்தவர். சர்க்கரை வியாதி பத்து வருஷத்துப் பழக்கம். ஒருநாள் குழியில் இறங்கும்போது மூங்கிற் சிம்பு ஒன்று வலது உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஏறியது அவருக்குத் தெரியவேயில்லை. மாலையில் வீட்டைப் பெருக்கிய அம்மையார் தரையில் இரத்தக் கறையைக் கண்டு கேட்ட பின்னரே காலைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். முகூர்த்த காலம், கல்யாணப் புடைவை ஒன்று தறியில் பாதியில் நின்றது. "முந்தானை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒன்பது நாள் ஓட்டினார். பத்தாம் நாள் குளிர்சுரம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபொழுது கால்விரல்கள் கறுத்திருந்தன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் குழித்தறியில் நெய்பவனுக்கு மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்க இரண்டு காலும் வேண்டுமே! இன்று அவர் தார் சுற்றிக்கொடுத்துக் காலங் கழிக்கிறார். அந்தத் தறியில் அந்நியர் ஒருவர் கூலிக்கு அமர்ந்திருக்கிறார்.

இக்கதையை யாம் அவருடைய சம்மதம் பெற்றே கூறுகிறோம். பெயர் வேண்டாம் என்றார். ஆனால், "சொல்லுங்கள், நாலு பேர் காலாவது மிஞ்சட்டும்" என்றார்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு துளி இரத்தத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதில் எண்ணிறந்த சிவப்பணுக்களும் அவற்றின் இடையிடையே சில வெள்ளணுக்களும் தென்படும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு கடுகளவினும் சிறிய இடத்தில், சிவப்பணுக்கள் ஏறக்குறைய 45 முதல் 50 இலட்சம் வரை உள்ளன. வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். சிவப்பணு பிராணவாயுவைச் சுமக்கும் கூலியாள். வெள்ளணு காவற்காரன். வெள்ளணுக்களிலும் பல வகுப்புக்கள் உண்டு. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை 'நியூட்ரோபில்' எனப்படுபவை. எலும்பின் மஜ்ஜையில் நாள்தோறும் பதினாயிரம் கோடி என்ற கணக்கில் இவை பிறக்கின்றன. இரத்தத்தில் சில மணி நேரம் முதல் சில நாள் வரையே வாழ்ந்து மடிகின்றன. புண்ணில் நாம் காணும் சீழ் என்பது பெரும்பாலும் போரில் மாண்ட இவ்வணுக்களின் சடலக் குவியலே. சீழைக் கண்டு அருவருக்கும் நாம், நம்பொருட்டு உயிர்விட்டவர்கள் இவர்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை!

இவ்வணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன என்ற உண்மையை உலகுக்கு நிலைநாட்டியவர் ருஷிய தேசத்துப் பண்டிதரான ஏலி மெட்ச்னிகாவ் என்பவர். 1882-ம் வருஷத்தில் அவர் இத்தாலி தேசத்து மெஸ்ஸினா நகரில், கடற்கரையை அடுத்த வீடொன்றில் தங்கியிருந்தார். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றில் ஒரு சிறு முள்ளைக் குத்திவைத்து மறுநாட் காலையில் பார்த்தார். அம்முள்ளைச் சுற்றி நடமாடும் அணுக்கள் கூட்டங் கூட்டமாக மொய்த்திருந்தன. முள் தைத்த இடத்துக்குக் காவலர் ஓடிவருகின்றனர் என்ற கருத்து அன்று பிறந்தது. அதன் பயனாக 1908-ல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மெஸ்ஸினாவில் மீன் குஞ்சுக்குத் தைத்த முள்ளும், பிள்ளையார்பாளையத்தில் மனிதர் காலில் தைத்த சிம்பும் ஒன்றுதான். அங்கே காவலர் வந்தனர். இங்கே வந்தும் பயனில்லாமற் போயிற்று. ஏன்?

ஒரு நியூட்ரோபில் கிருமியைக் கொல்வதற்குமுன் செய்ய வேண்டிய வேலைகளைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். முதலாவது, இரத்தக் குழாயில் விரைந்து ஓடிக்கொண்டிருக்கும் அது, புண்பட்ட இடம் வந்ததும் குழாயின் உட்சுவரில் ஒட்டி நிற்கவேண்டும். பின்னர்ச் சுவரின் சந்து வழியே தன்னைக் குறுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். அதன்பின், கிருமிகளிடமிருந்தும் அடிபட்ட தசையிலிருந்தும் கசியும் இரசாயன வாடையை மோப்பம் பிடித்துக்கொண்டு அவ்விடம் நோக்கி ஊர்ந்து செல்லவேண்டும். கிருமியைக் கண்டால் கையைப் போலும் தன் உடலை நீட்டி அதனைச் சுற்றி வளைத்து விழுங்கவேண்டும். விழுங்கினால் மட்டும் போதாது; வயிற்றுக்குள் வைத்துக் கொல்லவேண்டும். அதற்காகப் பிராணவாயுவை உக்கிரமான விஷப் பொருள்களாக மாற்றிக் கிருமியின்மீது பொழிகின்றது. இத்தனை வேலையும் ஒழுங்காக நடந்தால், முள் தைத்தது நமக்கு மறந்தே போகும்.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நின்றால் இவ்வரிசையின் ஒவ்வொரு படியிலும் ஏதேனுமொரு கோளாறு நேரிடுகிறதென்பதைப் பல தேசங்களின் சோதனைச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள். சுவரில் ஒட்டும் ஒழுங்கு கெடுகிறது. மோப்பம் பிடித்து ஊரும் வேகம் குறைகிறது. விழுங்கும் ஆற்றல் தளர்கிறது. இதற்கு ஒரு காரணம், அணுவின் உள்ளே சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் ஓய்வுநேரத்திலும் அளவுக்கு மீறி நிற்பது. மேலும், கிருமியின்மீது படிந்து, 'இதனை விழுங்கு' என்று அணுவுக்கு அடையாளங் காட்டும் புரதப் பொருள்கள் இரத்தத்தில் உண்டு. சர்க்கரை அப்புரதங்களின்மீதும் பாகுபோல் ஒட்டிக்கொள்வதால் அவை தம் தொழிலில் மந்தமாகின்றன. இக்கோளாறுகள் எல்லா நோயாளியிடமும் ஒரே அளவில் காணப்படுவன அல்ல. சிலரிடம் ஒன்று மிகும், வேறு சிலரிடம் மற்றொன்று மிகும். சர்க்கரை எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு காலம் உயர்ந்தே நின்றது என்பதைப் பொறுத்தது அது.

கொல்லும் படியில் நேரும் கோளாறுதான் எமக்கு எல்லாவற்றினும் வியப்பைத் தருவது. நெசவாளராகிய நமக்கு எளிதில் விளங்குவதும் அதுவே. ஒரு வீட்டில் இரண்டு தறிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிகையோ ஒரே கட்டுத்தான் இருக்கிறது. ஒரு தறியில் ஜரூராக முடிக்க வேண்டிய கல்யாணப் புடைவை. மற்றொரு தறியில் ஒருவரும் கேளாத வீண் துணி. வீண் துணி நெய்பவன் சரிகையை முன்பே இழுத்துக்கொண்டால், கல்யாணப் புடைவையின் கரை என்னாவது? வெள்ளணுவின் உள்ளே நடப்பது இதுவேயாம். அணுவினுள் என்.ஏ.டி.பி.எச். என்று சுருக்கப் பெயர் பெற்ற ஒரு பொருள் உண்டு. கிருமியைக் கொல்லும் பிராணவாயு விஷத்தைச் செய்ய அதுவே மூலப்பொருள். சர்க்கரை அணுவுக்குள் அளவு கடந்து புகும்போது, அதனைச் சார்பிட்டால் என்னும் வேறொரு சர்க்கரைச் சாராக மாற்றும் வேலை தொடங்குகிறது. அவ்வேலைக்கும் அதே என்.ஏ.டி.பி.எச். தான் செலவாகிறது. ஆகவே கிருமி வயிற்றுக்குள் வந்து சேர்ந்த வேளையில், கொல்லுதற்கு வேண்டிய சரக்கு கையிருப்பில் குறைந்துபோகிறது. விழுங்கப்பட்ட கிருமி சாகாமல் உள்ளேயே இருக்கிறது.

வேறொரு விந்தையும் உண்டு. சில சமயங்களில் நியூட்ரோபில் தன் உடலை வெடிக்கச் செய்து, தன் உள்ளிருக்கும் மரபு நூலையே வலைபோல் விரித்துக் கிருமிகளைப் பிடிக்கும். இது நல்ல ஆயுதமே. ஆனால் சர்க்கரை மிகுந்த இரத்தத்திலுள்ள அணுக்கள் இவ்வலையை வேண்டாத காலத்திலும் எளிதில் வீசிவிடுகின்றன என்றும், அவ்வலை புண்ணில் சிக்கிக்கொண்டு புதுத் தோல் வளரவொட்டாமல் தடுக்கிறதென்றும் 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. அதாவது சர்க்கரையால் காவற்காரன் ஒருபுறம் சோம்பேறியாகிறான். மறுபுறம் கண்டபடி ஆயுதம் வீசி வீட்டையும் சேதப்படுத்துகிறான்.

இங்கே ஒரு முக்கிய விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம்மவர் பலர் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வெள்ளணு எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது, எனக்கென்ன பயம்?" என்கிறார்கள். சர்க்கரை வியாதியில் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவதில்லை. சில வேளை கூடியும் இருக்கும். கெடுவது எண்ணிக்கையன்று, செயல். ஊரிலே நூறு தறி இருக்கலாம். நூறிலும் நெய்பவன் கை மரத்துப்போயிருந்தால் எத்தனை புடைவை இறங்கும்? சீட்டிலுள்ள எண் அக்கை மரத்திருப்பதைக் காட்டாது.

புண்ணைப் பற்றிய பெரியவரின் கேள்விக்கு இவ்வளவும் பாதி விடையே. மற்றப் பாதி காலிலேயே இருக்கிறது. நெடுநாள் சர்க்கரை காலின் நரம்பை மரக்கச் செய்கிறது. ஆகவே முள் தைத்தால் தெரிவதில்லை. காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைக் குறுக்குகிறது; ஆகவே காவலரும் மருந்தும் அங்கே போய்ச்சேர வழி ஒடுங்குகிறது. அவ்வழியே போய்ச்சேர்ந்த சில அணுக்களும் மேலே கூறியபடி தளர்ந்திருக்கின்றன. இம்மூன்றும் ஒருங்கு சேரும்போதுதான் ஒரு மூங்கிற் சிம்பு ஒரு காலை வாங்குகிறது. அதற்குமேல் ஒரு சுழலும் உண்டு. கிருமி பெருகிச் சுரம் வந்தால், அந்த வேதனையாலேயே தேகம் சர்க்கரையை இன்னும் உயர்த்துகிறது. உயர்ந்த சர்க்கரை வெள்ளணுவை இன்னும் தளர்த்துகிறது. ஒன்பது நாள் காத்திருந்த நம் நெசவாளர் அகப்பட்டது இச்சுழலிலேதான்.

கால் ஒன்றோடு இது முடியவில்லை. நுரையீரலில் 'மேக்ரோபேஜ்' என்னும் பெரிய விழுங்கணுக்கள் காவல் இருக்கின்றன. காச நோய்க் கிருமியை முதலில் எதிர்கொள்வன அவைகளே. அவை தளர்ந்தால் காசம் தலையெடுக்கும். சர்க்கரை வியாதி உள்ளவருக்குக் காசம் வரும் வாய்ப்பு மற்றவர்க்கு உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்பது பல தேசத்துக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தமிழ்நாட்டுக் காச நோயாளிகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 25 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. மேலும் ஏறக்குறைய அத்தனை பேர் அதன் வாயிற்படியில் நின்றனர். காற்றோட்டமும் வெளிச்சமும் குறைந்த வீட்டில் பகலெல்லாம் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நம்மவர்க்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், சளியைப் பரிசோதிப்பதோடு சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும். காசம் என்றால் மறைத்துவைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் நிறுவப்பெற்ற காச ஆராய்ச்சி நிலையம், நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம் என்று உலகுக்கே காட்டியது. அதன்பின்னும் மறைப்பது எதற்கு?

2021-ம் வருஷத்துக் கோடையை நாம் மறந்திருக்க மாட்டோம். கொரோனாவினின்று பிழைத்துவந்தவர்கள் சிலருக்குக் கண்ணும் மூக்கும் வீங்கிக் கறுத்து, கண்ணையே எடுக்க நேர்ந்த கொடுமையைக் கேள்வியுற்றோம். கறுப்புப் பூஞ்சை என்று பத்திரிகைகள் பெயரிட்டன. அப்பூஞ்சையின் வித்துக்கள் மண்ணிலும் அழுகிய பொருளிலும் காற்றிலும் எப்பொழுதும் உள்ளவை. நாம் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கிறோம். வெள்ளணுக்கள் அவற்றை ஒன்றுமில்லாமல் செய்துவிடுகின்றன. அவ்வருஷம் நேர்ந்ததென்னை? பலருக்கு முன்பே சர்க்கரை வியாதி இருந்தது, சிலருக்கு அது இருப்பதே தெரியாதிருந்தது. உயிரைக் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை மேலும் ஏற்றியது; வெள்ளணுக்களின் கையையும் கட்டியது. சர்க்கரை மிக உயர்ந்து இரத்தம் புளிப்பேறிய சிலரிடம், இரத்தத்தில் கட்டுண்டிருந்த இரும்புச் சத்து அவிழ்ந்து பூஞ்சைக்கு உணவாயிற்று. அவ்வருஷம் ஜூலை மாதத்துக்குள் நம் தேசத்தில் 45,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டதாக மத்திய அரசாங்கம் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. 4,000 பேருக்கு மேல் மாண்டனர். இத்தனைக்கும், அந்நோய் கண்டவருள் பெரும்பாலோர் சர்க்கரை வியாதியஸ்தர் என்பதைப் பத்திரிகை படித்த நம்மவரில் எத்தனை பேர் மனத்தில் வைத்தார்களோ அறியோம்.

இவ்வாறு சொல்லிக்கொண்டே போனால் சபையோர் கலக்கமடைவர். நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறோம். வெள்ளணுவின் இத்தளர்ச்சி நிலையானதன்று. சர்க்கரையை அடக்கினால் விழுங்கும் ஆற்றலும் கொல்லும் ஆற்றலும் பெரிதும் திரும்புகின்றன. காரணம் ஊகிக்கக் கூடியதே: இவை நாள்தோறும் புதிதாய்ப் பிறப்பவை. அமெரிக்க தேசத்துப் போர்ட்லண்டு நகரில், இருதய சத்திர சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் 2,467 பேரைக் கவனித்து 1999-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவ்வப்போது ஊசி போட்டுக்கொண்ட கூட்டத்தில் மார்பெலும்புப் புண்ணில் ஆழ்ந்த சீழ் பிடித்தவர் நூற்றுக்கு 2 பேர்; இன்சுலினை இடைவிடாது இரத்தத்தில் செலுத்திச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்த கூட்டத்தில் நூற்றுக்கு 0.8 பேரே. கத்தி அதே கத்தி. சர்க்கரை ஒன்றே வேறு. ஆகையால்தான் இன்று எந்தச் சத்திர வைத்தியரும் சர்க்கரையைப் பாராமல் கத்தியெடுப்பதில்லை. அவர் தவணை சொல்லி அனுப்பினால் நம்மவர் கோபித்துக்கொள்கிறார்கள்! கோபிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இன்சுலினைப்பற்றி ஒரு வார்த்தை. 1921-ல் கனடா தேசத்து டொரோன்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் அதனைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியனார்டு தாம்ஸன் என்ற சிறுவனுக்கு முதன்முதல் ஊசி போடப்பட்டது. சாகக்கிடந்த அப்பையன் எழுந்து நடமாடினான்; மேலும் பதின்மூன்று ஆண்டு வாழ்ந்தான். 1935-ல் அவனைக் கொண்டுபோனது நுரையீரல் சுரம், அதாவது கிருமி. நம் நாட்டில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பகுதி முதன்முதலில் 1948-ல் சென்னை ஸ்டான்லி வைத்தியசாலையில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்களால் தொடங்கப்பெற்றது. பின்னர் 1954-ல் அவரே இராயபுரத்தில் இந்நோய்க்கென ஒரு வைத்தியசாலை நிறுவினார். அந்நாளில் இது பணக்காரர் வியாதி என்றார்கள். இன்று நிலைமை என்ன? 2011-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கணக்கின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இந்நோய் உள்ளவர். 2023-ல் வெளியான கணக்கில் தேசம் முழுவதும் 10 கோடிக்கு மேல். பட்டுப் புடைவை உடுத்துபவருக்கு மட்டுமன்று, அதனை நெய்பவருக்கும் வந்துவிட்டது. உட்கார்ந்தே செய்யும் தொழில், மூன்று வேளையும் அரிசி, இடையிடையே சர்க்கரை மிகுந்த காப்பி. வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

நம் ஊர் கோயிலூர். ஆதலின் இரண்டு விஷயங்களை மனம் நோகாமல் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது வெறுங்கால். ஏகாம்பரநாதர் கோயிலிலும் வரதராஜர் கோயிலிலும் வெளிப் பிராகாரத்துக் கல் சித்திரை வைகாசி நடுப்பகலில் எப்படிக் காயும் என்பது நமக்குத் தெரியும். நல்ல காலுடையவன் துள்ளி ஓடி நிழலை அடைவான். நரம்பு மரத்தவனோ அமைதியாக வலம் வந்துவிட்டு, வீட்டில் போய்ப் பார்க்கும்போது உள்ளங்கால் முழுதும் கொப்புளமாயிருக்கும். தீயால் வெந்த தோலில் கிருமி புக, தளர்ந்த வெள்ளணு பார்த்துக்கொண்டிருக்கும். பிரதட்சிணம் வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. விடியற்காலையிலோ, கல் குளிர்ந்த இரவிலோ செய்யலாமே. ஆண்டவன் அந்நேரத்திலும் அங்கேதான் எழுந்தருளியிருக்கிறார்.

இரண்டாவது பிரசாதம். சர்க்கரைப் பொங்கலை மறுப்பது பாபம் என்று எண்ணித் தொன்னை முழுவதும் உண்கிறோம். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு விரற்கடை அளவு நாவில் இட்டால் பிரசாதம் பிரசாதந்தான். சிலர், "வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதி, வெல்லமும் பனங்கற்கண்டும் தேனும் ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். இரத்தத்துக்கு அவ்வித்தியாசம் தெரியாது. வெல்லம் சேர்த்தாலும் சர்க்கரை ஏறும், வெள்ளணு தளரும்.

நம் சமூகத்தார் இந்நோயை மறைக்கும் வகைகளைப்பற்றி யாம் வருத்தத்தோடு பேசவேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தகப்பனாருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று, அவர் மாத்திரையைக் குத்துவிளக்குப் பெட்டியில் ஒளித்துவைத்து விழுங்குகிறார். விருந்தாளி வந்தால் ஜாங்கிரியை மறுக்க வெட்கப்பட்டு உண்கிறார். வேறு சிலர் பரிசோதனைக்கு முதல் இரண்டு நாள் பத்தியமிருந்து, சீட்டில் நல்ல எண் வாங்கி வந்து வீட்டாரிடம் காட்டுகிறார்கள். எச்.பி.ஏ.1.சி. என்னும் பரிசோதனை சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைக் கணக்கிட்டு இரண்டு மூன்று மாதத்துச் சராசரியையே சொல்லிவிடும் என்பதை அவர்கள் அறியார்! தாய்மார்களோ இன்னும் மோசம். வீட்டில் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்டு, தார் சுற்றி, பாவுக்கு உதவி, தம் காலைப் பார்க்க ஒருநாளும் நேரமில்லாதவர்கள். ஆண்மக்கள் இதனைக் கேட்டு வெட்கப்படவேண்டும்.

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. 126-ஐ எட்டினால் வியாதி. சர்க்கரைக் கரைசல் அருந்தி இரண்டு மணி கழித்து 200-ஐ எட்டினாலும் வியாதி. எச்.பி.ஏ.1.சி. 6.5 சதவிகிதத்தை எட்டினாலும் அவ்வாறே. மறுமுறை பரிசோதித்து உறுதி செய்துகொள்வது முறை. நோயுள்ளவர் ஒவ்வொரு இரவும் படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். குழியில் இறங்குமுன் அடிப்பலகையைத் துடைத்துச் சிம்பு இல்லாமல் செய்துகொள்ளலாம். இதற்குக் காசு செலவில்லை. புண் கண்டால் சுத்தமான நீரில் கழுவித் துணி சுற்றி அன்றைக்கே வைத்தியரிடம் செல்லவேண்டும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் நம்பி நாளைக் கடத்தலாகாது. சுரமாயிருக்கும் நாளில், "சாப்பிடவில்லையே, மாத்திரை எதற்கு?" என்று தாமாகவே நிறுத்திவிடாமல் வைத்தியரைக் கேட்கவேண்டும், அந்நாளில்தான் சர்க்கரை மிகுவது.

பிரசங்கம் முடிந்தபின் ஓர் இளைஞர் கேட்ட கேள்வியையும் அதற்கு யாம் அளித்த விடையையும் இங்கே சேர்க்கும்படி பத்திராதிபர் விரும்பினார். "இன்சுலின் ஒருமுறை போட ஆரம்பித்தால் ஆயுள் முழுவதும் விடமுடியாது என்கிறார்களே, அது மெய்தானா?" என்றார் அவர். சிறு வயதில் கணையமே செயலற்றுப்போய் இந்நோய் கண்டவர்க்கு அது ஆயுட்காலத் துணை என்பது மெய். நடு வயதில் வந்தவர்க்கோ, சீழ்ப் புண்ணுக்கும் சத்திர சிகிச்சைக்கும் சுரத்துக்கும் வைத்தியர் சில வாரம் ஊசி கொடுத்து, தேறியபின் மாத்திரைக்கே திரும்புவது பெருவழக்கு. ஊசிக்கு அஞ்சித் தவணை கேட்டுக் காலை இழந்தவரை யாம் பார்த்திருக்கிறோம். ஊசி போட்டதால் காலை இழந்தவரை இதுவரை பார்த்ததில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட அங்கத்தினர் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனையும் கால் பரிசோதனையும் நடைபெறும். முதல்நாள் இரவு 9 மணிக்குமேல் ஒன்றும் உண்ணாமல், காலையில் காப்பியும் அருந்தாமல் வரவேண்டும்; தண்ணீர் குடிக்கலாம். வீட்டிலுள்ள பெண்மக்களை உடன் அழைத்துவர வேண்டும். அவர்கள் பெயர் முதலில் எழுதப்படும். நடக்க இயலாதவர் வீட்டுக்கு நம் இளைஞர் இருவர் கருவியோடு வருவார்கள். அத்தகையோர் பெயரைச் சனிக்கிழமை மாலைக்குள் காரியதரிசியிடம் கொடுத்தால் போதும்.